கழன்று விழுந்த மினியேச்சரின் உள்ளங்காலைப் பாருங்கள்

மேசைப் போர் விளையாட்டில் நகர்த்தும் சின்னப் பொம்மையான மினியேச்சர் ஒன்று, மணலும் தக்கையும் ஒட்டி அலங்கரித்த பீடத்தை விட்டுக் கழன்று விழுந்தால், கை உடனே பசைக் குப்பியைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி, உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே மணல் ஒட்டிக்கொண்டிருந்தால் பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பிய்ந்து வந்தது மணல். தக்கைத் துணுக்கு ஒட்டியிருந்தால், கிழிந்தது தக்கை. பீடத்தின் பழுப்புப் பெயின்ட் மெல்லிய ஏடாகக் காலோடு வந்திருந்தால், உரிந்தது பெயின்ட். இந்த மூன்றுக்கும் விலை கூடிய பசை வாங்கிப் பயனில்லை.

உள்ளங்கால் பளபளவென்று சுத்தமாக இருந்தால் மட்டுமே பசையைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பல சமயம் குற்றவாளி எண்ணெய்ப் பிசுக்குதான். பசை இன்னும் பிசுபிசுவென்று இருந்தால், அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறீர்கள்.

28 மி.மீ. அளவுப் பொம்மை ஒன்றின் பாதம் ஏறக்குறைய 3 மி.மீ. அகலம், 6 மி.மீ. நீளம். இரண்டு பாதத்தையும் சேர்த்தால்கூட ஒரு சட்டைப் பொத்தானின் பரப்பில் பாதி வராது. ஆட்டத்தின் நடுவே எல்லோரும் பொம்மையைத் தூக்குவதோ தலையையோ ஈட்டியையோ பிடித்துத்தான். 30 மி.மீ. உயரத்தில் பிடித்து அசைத்தால், அந்த நெம்புவிசை முழுவதும் கணுக்காலுக்குக் கீழே உள்ள அந்தச் சின்னப் பரப்பில் இறங்கும்.

பெட்டியோடு வரும் வழுவழுப்பான கறுப்புப் பிளாஸ்டிக் பீடத்தில் இந்தத் தொல்லை குறைவு. பொம்மையும் பிளாஸ்டிக், பீடமும் பிளாஸ்டிக், இரண்டையும் கரைத்து ஒன்றாக்கும் பசையும் உண்டு. நாமே அலங்கரிக்கும் பீடத்தில்தான் சிக்கல். அங்கே பிளாஸ்டிக், அதன்மேல் பசை, தக்கைப் பாறை, மறுபடி பசை, மணல், பெயின்ட், மீண்டும் பசை, அதற்கும் மேலேதான் கால். இத்தனை அடுக்கில் எது மெலிந்ததோ, பொம்மையின் பலம் அவ்வளவுதான். ஆகவே கால் ஊன்ற வேண்டியது பீடத்தின் எலும்பில், தோலில் அல்ல. கீழே சொல்லப்போகும் எல்லா வேலையும் அலங்காரத்தைத் துளைத்துக்கொண்டு அந்த எலும்பை எட்டுவதற்கான வழிகள்தான்.

பீடத்தின் அளவு

அலங்காரத்துக்கு முன்னால் அளவைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஆட்டங்களில் தூரத்தை அளப்பது பீடத்தின் விளிம்பிலிருந்து. வார்ஹாம்மர் 40,000 ஆட்டத்தில் சாதாரண ஸ்பேஸ் மரீன் இன்று நிற்பது 32 மி.மீ. வட்டத்தில், பழைய பெட்டிகளில் அதே வீரருக்கு 25 மி.மீ. வட்டம்தான் வந்தது. கனமான கவசம் அணிந்த டெர்மினேட்டர் வீரருக்கு 40 மி.மீ. வார்ஹாம்மரின் கற்பனை உலகப் படைகள் சதுரப் பீடத்தில் வரிசைகட்டி நின்றவை. 2015-இல் ஏஜ் ஆஃப் சிக்மார் என்ற புதிய ஆட்டம் வந்தபோது வட்டத்துக்கு மாறின. 2024-இல் ஓல்டு வேர்ல்டு என்ற ஆட்டம் வந்து சதுரத்தை மீட்டுக்கொண்டது. அதில் மனிதக் காலாட்படைக்கு 25 மி.மீ., பச்சைத் தோல் அரக்கர்களான ஓர்க்குகளுக்கு 30 மி.மீ. வாங்கப்போகும் அலங்காரப் பீடம் உங்கள் ஆட்டத்தின் இப்போதைய பதிப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

வட்டத்துக்கு வெளியே பாறை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சதுரப் பீடங்களில் இது இன்னும் கறார்: ஒரு துண்டுத் தக்கை 1 மி.மீ. துருத்தினாலும் பக்கத்து வீரர் ஒட்டி நிற்க முடியாது. அந்தக் கோணல் வரிசை நெடுகப் போகும். உயரத்திலும் நிதானம் வேண்டும். பொம்மையின் கண்மட்டத்திலிருந்து எதிரி தெரிகிறாரா என்று பார்க்கும் ஆட்டங்களில், 20 மி.மீ. பாறை மேல் ஏற்றிய வீரருக்கு அதிகமாகத் தெரியும். அவரையும் எல்லோரும் பார்ப்பார்கள். 5, 6 மி.மீ. உயரம் வரை யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பொம்மை எதனால் ஆனது

பசை வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் கனம் தெரிந்தால் உலோகம். பெரும்பாலும் வெள்ளீயம் கலந்த மெதுவான உலோகக் கலவை. வளைத்தால் வளைந்து, விட்டால் தானே நிமிர்ந்தால் மென்மையான பி.வி.சி. மீதி இரண்டைப் பிரிப்பதுதான் குழப்பம்: கெட்டிப் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன், அப்புறம் அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ரெசின். மறைவான இடத்தில் கத்தியால் லேசாகச் சீவுங்கள். சுருளாக வந்தால் பாலிஸ்டைரீன். மாவாக உதிர்ந்தால் ரெசின்.

ரெசின் என்றால் முதல் வேலை குளியல். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர ஒரு வழுக்குப் பொருளைப் பூசித்தான் வார்ப்பார்கள். அது பொம்மையின் மேலும் படிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, முழுக்க உலரவிடுங்கள். ரெசின் பீடத்துக்கும் இதே குளியல் உண்டு. பொம்மையைக் கழுவிவிட்டுப் பீடத்தை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ரெசினை உப்புத்தாளால் தேய்க்கும்போது தாளை நனைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மிகப் பழைய உலோக வார்ப்புகளில் ஈயம் உண்டு. அவற்றை அரத்தால் ராவிய பிறகு கையைக் கழுவாமல் முறுக்கு எடுக்க வேண்டாம்.

எந்தப் பசை, எதற்கு

பிளாஸ்டிக் சிமென்ட் என்று விற்பது உண்மையில் ஒரு கரைப்பான். பாலிஸ்டைரீனின் இரண்டு முகப்புகளையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிட்டு ஆவியாகிவிடும். காய்ந்த பிறகு அங்கே இரண்டு துண்டு கிடையாது, ஒரே துண்டுதான். இதைவிட வலுவான இணைப்பு இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. ஆனால் உலோகம், ரெசின், தக்கை எதையும் அது சீந்தாது; பெயின்ட் அடித்த பிளாஸ்டிக்கின் மேலும் பெயின்டைக் குழப்புவதோடு சரி.

ஃபெவிக்விக் வகைச் சூப்பர் குளூவின் பெயர் சயனோஅக்ரிலேட். பரப்பில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் பட்டதும் இறுகும். மெல்லிய படலம் நொடிகளில் கெட்டியாகும். தடித்த சொட்டு மேலே ஆடை கட்டி, உள்ளே மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதனால்தான் நிறைய ஊற்றினால் நன்றாக ஒட்டும் என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது. பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து வைக்கும் அளவு போதும். நேராக இழுத்தால் பிடிவாதமாக நிற்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு, அல்லது மேசையிலிருந்து ஒரு விழுதல், படக்கென்று விட்டுவிடும். பொம்மைக்கு நேர்வதெல்லாம் அந்தப் பக்கவாட்டுத் தட்டுதான் என்பது இந்தப் பசையின் துரதிருஷ்டம்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொந்தரவு. காற்றில் ஈரம் கூடுதலாக இருக்கும்போது, இந்தப் பசையின் ஆவி பக்கத்துப் பரப்பில் வெள்ளைப் பொடியாகப் படியும். வர்ணம் தீட்டி முடித்த கறுப்புக் காலணியைச் சுற்றித் திருநீறு பூசியதுபோல் ஒரு வளையம் தெரிந்தால் அது இதுதான். பசையைக் குறைப்பதும், காய்கிறவரை பக்கத்தில் மெதுவாக மின்விசிறி ஓடவிடுவதும் உதவும். அதைவிட நல்லது, வர்ணம் முடிந்த பொம்மைக்கு இந்தப் பசையைத் தொடாமலே இருப்பது.

அங்கே கைகொடுப்பது அரால்டைட் போன்ற இரட்டைக் குழாய் எபாக்சி. பிசினும் இறுக்கியும் சம அளவு. கண்மதிப்பில் எடுக்காமல் ஒரு அட்டையில் இரண்டு கோடுகளாக ஒரே நீளத்துக்குப் பிதுக்கி, ஒரு நிமிடம் முழுதாகக் கலக்க வேண்டும். விகிதம் தவறினால் ஒரு வாரம் ஆனாலும் பிசுபிசுப்புப் போகாது. ஐந்து நிமிட வகையாக இருந்தாலும் முழுப் பலம் வர ஒரு நாள் விட்டுவிடுங்கள். இது ஆவி கக்காது, இடைவெளியை நிரப்பும், தட்டுகளைத் தாங்கும்.

எபாக்சியையே பிசையும் பதத்தில் தருவதுதான் எம்-சீல், மிலிபுட், கிரீன் ஸ்டஃப் முதலியவை. சிலைக்கும் பீடத்துக்கும் இடையே கோயிலில் அஷ்டபந்தனம் சாத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள்: இடுக்கையும் அடைக்க வேண்டும், பிடிக்கவும் வேண்டும். அதே வேலைதான், கடுகளவில். கிரீன் ஸ்டஃப் பட்டையாக வந்தால், நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு முன்னமே இறுகியிருக்கும். அந்த 2 மி.மீ. கீற்றை வெட்டி எறிந்துவிட்டுப் பிசையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே குருணை தட்டுப்படும்.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மணலுக்கும் புல்லுக்கும். காலுக்கு அல்ல.

கம்பி வைத்தல்

மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். பசை தனியாகத் தாங்காத பக்கவாட்டு விசையை ஒரு துண்டுக் கம்பி தாங்கும். பசைக்கு அப்புறம் கம்பி உருவிக்கொண்டு வராமல் பார்க்கிற வேலை மட்டுமே மிஞ்சும்.

வேண்டிய சாமான் கொஞ்சம்தான்: விரலால் திருகும் சின்னத் துளைப்பானான பின் வைஸ், 1 மி.மீ. ட்ரில் பிட் இரண்டு மூன்று, 1 மி.மீ. பித்தளைக் கம்பி, ஒரு கட்டிங் பிளேயர். பித்தளை கிடைக்காவிட்டால் ஜெம் கிளிப்பை நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் கிளிப்பின் கனம் 0.8 முதல் 1 மி.மீ. வரை மாறும், அதற்கேற்ற பிட் வேண்டும். துளை கம்பியைவிட 0.1 மி.மீ. பெரிதாக இருந்தால் பாதகமில்லை, அரை மி.மீ. பெரிதானால் கம்பி ஆடும். பிளாஸ்டிக் வெட்டும் மென்மையான நிப்பரால் கிளிப்பை வெட்டாதீர்கள். ஒரே வெட்டில் அதன் வாயில் பல் விழுந்துவிடும்.

கடினமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஓடுகிற பாவனையில் ஓர் உலோக வீரர். வலது கால் மட்டும் தரையில். பீடம் 32 மி.மீ. பிளாஸ்டிக் வட்டம், அதன்மேல் 3 மி.மீ. தக்கை இரண்டு அடுக்கு, பாறைபோல் ஓரங்களைப் பிய்த்து ஒட்டியது.

உள்ளங்காலில் ஊசியால் ஒரு புள்ளி குத்துங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கிப் போய் விரலில் ஏறும். புள்ளி பாதத்தின் நட்டநடுவில் வேண்டாம். குதிகால் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கட்டும். மேலே கணுக்கால் அங்கேதான் இருக்கிறது, துளை போக உலோகமும் அங்கேதான் இருக்கிறது. பிட்டின் முனை முழங்கால் எலும்பின் திசையில் நோக்கட்டும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிடுங்கள். வெள்ளீயக் கலவை பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும், அப்படியே திருகினால் பிட் உள்ளே முறியும். முறிந்த பிட்டை எடுப்பதைவிட அடுத்த காலில் துளை போடுவது சுலபம். இவருக்கு அடுத்த கால் காற்றில் இருக்கிறது. 4 மி.மீ. ஆழம் போதும். எங்கே நிறுத்துவது என்று தெரிய பிட்டில் அந்த நீளத்தில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளலாம்.

கம்பியில் 15 மி.மீ. வெட்டுங்கள். உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு, சூப்பர் குளூ தொட்டு, துளைக்குள் 4 மி.மீ. செலுத்துங்கள். பத்து நிமிடம் விடுங்கள். இப்போது காலுக்குக் கீழே 11 மி.மீ. கம்பி நீண்டிருக்கும்.

பீடத்தில் எங்கே துளைப்பது? கம்பியின் நுனியில் ஈரப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, வீரர் நிற்கவேண்டிய இடத்தின் மேல் பிடித்து ஒருமுறை தொடுங்கள். விழுந்த புள்ளிதான் இடம். ஆனால் தொடுவதற்கு முன், வீரரின் மார்பு வட்டத்தின் நடுவுக்கு மேலே வருகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். காலை நடுவில் வைத்து உடல் முழுவதும் முன்னால் சாய்ந்தால் உலோகப் பொம்மை மூக்குக் குப்புற விழும். ஓடுகிறவரின் காலைப் பின்விளிம்புக்கு நெருக்கமாக வைப்பதுதான் வழக்கம்.

புள்ளியில் நேராகத் துளையுங்கள். காலுக்குள் கம்பி சாய்ந்து இறங்கியிருந்தால், கீழே நீண்ட கம்பியைக் குறட்டால் நிமிர்த்தி, நேர்த்துளைக்கு ஒத்துவரச் செய்துகொள்ளலாம். தக்கை மென்மையானது, பிட் அதில் விருப்பம்போல் அலையும். கீழே பிளாஸ்டிக் தட்டுப்படும்போது கைக்குத் தெரியும். அங்கே நிறுத்தாதீர்கள், பிளாஸ்டிக்கையும் துளைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். தக்கை 6 மி.மீ., பிளாஸ்டிக் கூரை ஏறக்குறைய 1.5 மி.மீ.; ஆக 11 மி.மீ. கம்பியில் 3.5 மி.மீ. பீடத்தின் அடிக்குழிவுக்குள் வரும். குழிவின் ஆழம் சுமார் 2 மி.மீ.தான், அதனால் நேராக விட்டால் பீடம் முக்காலிபோல் ஆடும். கம்பியைக் குறட்டால் பக்கவாட்டில் மடக்குங்கள். அந்த மடக்குதான் ஆணிக்குக் கொண்டை மாதிரி. இனி மேலே இழுத்தால் வராது.

ஒட்டாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். வீரரைத் திருப்பி எந்தத் திசை நோக்க வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு உள்ளங்காலிலும் கம்பியிலும் எபாக்சி தொட்டு இறக்கி, கம்பியை மடக்கி, அடிக்குழிவில் எம்-சீல் உருண்டையை அமுக்குங்கள். பீடத்தை ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்த கண்ணாடியின்மேல் வைத்து அழுத்தி, பிதுங்கியதைத் துடைத்து, அப்படியே காயவிடுங்கள். அடிப்பக்கம் கண்ணாடிபோல் தட்டையாக வரும்; தாளை உரித்துவிடலாம். எம்-சீலின் கனம் அடிப்பகுதியில் சேர்வதால் பொம்மை இன்னும் நிதானமாக நிற்கும். வேண்டுமானால் அதற்குள் ஒரு இரும்பு வாஷரையும் புதைத்துவிடுங்கள். காந்தத் தாள் விரித்த பெட்டியில் எடுத்துப்போகவும் உதவும்.

இரண்டு காலும் ஊன்றிய பொம்மைக்கு ஒரு காலுக்கு மட்டும் கம்பி போதும். இரண்டுக்கும் வைத்தால் இரண்டு கம்பியும் இம்மி பிசகாமல் இணையாக இருந்தாக வேண்டும். ஒன்று சற்றுச் சாய்ந்தாலும் பொம்மை இறங்காது. பிடிவாதமாக இரண்டு வைப்பதானால், இரண்டாம் துளையைப் பீடத்தில் 1.5 மி.மீ. பிட்டால் அகலமாகப் போட்டு, மிச்சத்தை எபாக்சியால் நிரப்புங்கள்.

தட்டோடு வரும் பழைய பொம்மைகள்

1980-களின் நடுவிலிருந்து சிட்டடெல் போன்ற உலோகப் பொம்மைகள் காலுக்கடியில் ஒரு நீளத் தட்டோடு வரத் தொடங்கின; பீடத்தில் உள்ள வெட்டுக்குள் அந்தத் தட்டைச் செருகுவார்கள். வெட்டே இல்லாத அலங்காரப் பீடத்துக்கு மாற்றும்போது தட்டை ஒட்ட வெட்டியெறிவது வழக்கம். அதில் ஒரு இழப்பு உண்டு. ஒவ்வொரு பாதத்துக்கும் நேர் கீழே 2, 3 மி.மீ. அகலத்தில் தட்டின் துண்டை முளைபோல் விட்டுவிட்டு, நடுவில் உள்ளதை மட்டும் வெட்டினால், துளை போடாமலே இரண்டு கம்பி கிடைத்துவிடுகிறது. வார்ப்போடு வார்ப்பாக இருப்பதால் அவை உருவிக்கொண்டு வரவே வராது. தக்கையிலோ எபாக்சி மாவிலோ குழி பறித்து இறக்க வேண்டியதுதான்.

காலோடு சேர்ந்து ஒரு சின்னத் திட்டும் வார்த்து வரும் பொம்மைகள் இன்னொரு ரகம். திட்டை அறுத்தெடுக்கப் போய்க் கால்விரலை அறுத்துக்கொள்வதைவிட, அப்படியே ஒட்டி, அதன் விளிம்பிலிருந்து பீடம் வரை எபாக்சி மாவால் சரிவு கட்டிவிடலாம். மணல் தூவியதும் தெரியாது.

பிளாஸ்டிக் பொம்மை, தக்கைப் பாறை

இங்கே கம்பிக்குப் பதிலாக ஒரு தந்திரம் உண்டு. பொம்மைத் துண்டுகள் வரும் சட்டத்தின் குச்சி, ஸ்ப்ரூ என்பார்களே, அதுவும் பாலிஸ்டைரீன். கால் ஊன்றும் இடத்தில் தக்கையை 3 மி.மீ. அகலத்துக்குப் பீடம்வரை தோண்டி, அந்தக் குச்சியில் ஒரு துண்டைத் தூணாக நிறுத்தி, பிளாஸ்டிக் சிமென்டால் பீடத்தோடு ஒட்டிவிடுங்கள். தூணின் தலையைத் தக்கை மட்டத்துக்குச் சீவி, அதன்மேல் பொம்மையின் காலைச் சிமென்டால் ஒட்டுங்கள். தக்கை எவ்வளவு பொசுபொசுவென்று இருந்தாலும் பொம்மைக்குக் கவலையில்லை. அது பீடத்தோடு ஒரே பிளாஸ்டிக்காகிவிட்டது. சிமென்டை அதிகம் தொட்டால் கால்விரல்கள் இளகி வழுக்கும். இங்கேயும் கஞ்சத்தனமே நல்லது.

தெர்மாகோல் அல்லது அதன் கெட்டி உறவான எக்ஸ்பிஎஸ் பலகையைப் பாறைக்குப் பயன்படுத்தினால் கவனம். சிமென்ட் அதைக் கரைத்துவிடும், சாதாரணச் சூப்பர் குளூவும் குழி பறிக்கும், ஸ்ப்ரே பெயின்டும் தின்னும். முதலில் வெள்ளைப் பசையை முழுக்கப் பூசிக் காயவைத்துவிட வேண்டும். காலுக்கு எபாக்சியும் நீளக் கம்பியும்தான் ஒரே வழி.

மேடுபள்ளமான பீடம்

வார்த்த ரெசின் பீடங்களில் கற்பாளமும் மண்டையோடும் அச்சுப் பதித்ததுபோல் அழகாக இருக்கும், ஆனால் தட்டையான பாதத்துக்கு அங்கே இடம் இருக்காது. குதிகால் ஒரு கல்லில், விரல்கள் காற்றில். இந்த இடைவெளியைப் பசையால் நிரப்ப முயல்வதுதான் தொடக்கக்காரர்களின் வழக்கமான தவறு.

பாதத்துக்குக் கீழே எபாக்சி மாவில் மிளகளவு ஒரு உருண்டை வையுங்கள். உள்ளங்காலைத் தண்ணீரில் நனைத்து, பொம்மையை அமுக்கிவிட்டு எடுங்கள். மாவில் காலடி பதிந்திருக்கும். இறுகிய பிறகு பொம்மையை அந்தத் தடத்தில் ஒட்டினால் முழுப் பாதமும் தொடும். ஓரத்தில் பிதுங்கிய மாவை ஊசியால் கீறி மண்போல் ஆக்கிவிடலாம். சேற்றிலோ பனியிலோ நிற்பவருக்கு இது ஒரு வரமும்கூட: கனமான கவசம் அணிந்தவர் தரையில் சற்றுப் புதைந்திருப்பதுதான் இயற்கை, மேலே மிதப்பது அல்ல.

அவசரத்துக்கு ஆப்பசோடா உண்டு. இடைவெளியில் ஒரு சிட்டிகை தூவி, மேலே ஒரு சொட்டுச் சூப்பர் குளூ விட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் கல்லாகும். சூடாகும், புகையும், கண் எரியும், குனிந்து பார்க்காதீர்கள். அந்தக் கல்லில் பிறகு துளை போடுவது கஷ்டம் என்பதால், கம்பி வேலை முடிந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

வர்ணம் முன்னதா, ஒட்டுவது முன்னதா

முதல் படை என்றால் முதலில் ஒட்டுங்கள், பிறகு மணல், பிறகு வர்ணம். பாதத்தைச் சுற்றி மணல் தூவும்போது இணைப்பின் தழும்பும் மறையும். கால்களுக்கிடையே தூரிகை போகாத பொம்மையாகவோ, பீடத்தில் நுணுக்க வேலை நிறைய இருப்பதாகவோ இருந்தால் மட்டும் தனித்தனியாக வர்ணம் தீட்டிச் சேர்க்கலாம். அப்போதும் துளை, கம்பி, பொருத்திப் பார்ப்பது எல்லாம் வர்ணத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காலில் நீண்டிருக்கும் கம்பியை ஒரு புட்டித் தக்கையில் குத்தினால், வர்ணம் தீட்டப் பிடியும் கிடைக்கும்.

உள்ளங்காலிலும் பீடத்தில் பாதம் படும் இடத்திலும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டி மறையுங்கள். மறந்துவிட்டால் கத்தி நுனியால் சுரண்டி அடிப்பொருள் தெரிய வையுங்கள். பெயின்டின்மேல் ஒட்டினால் பசை பிடித்துக்கொண்டிருப்பது பெயின்டை மட்டும்தான். பெயின்டோ பீடத்தை அரைமனதாகத்தான் பிடித்திருக்கிறது.

பழைய பீடத்திலிருந்து பிரிப்பது

சூப்பர் குளூவால் ஒட்டியதென்றால் ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் ஓரிரண்டு மணி நேரம் வையுங்கள். குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மை பெறும். வெளியே எடுத்த உடனே கணுக்காலுக்கு மிக அருகில் பிடித்துத் திருகினால் பெரும்பாலும் விட்டுவிடும். உலோகப் பொம்மையை அசிட்டோனில் ஊறப்போடலாம். பிளாஸ்டிக்கை அதில் போட்டால் மறுநாள் பொம்மை இருக்காது, கூழ்தான் இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரிலும் அசிட்டோன் இருக்கக்கூடும், குப்பியைப் படித்துப் பாருங்கள்.

பிளாஸ்டிக் சிமென்டால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. முன்பே சொன்னபடி அங்கே இணைப்பே இல்லை. பாதத்தை ஒட்டி அறுக்கப் பார்க்காமல், சுற்றியுள்ள பீடத்தையும் சேர்த்துத் துண்டாக வெட்டியெடுத்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி வாருங்கள். அரை மி.மீ. மிச்சம் இருந்தாலும் தவறில்லை, காலணியின் அடித்தோலாக நினைத்துக்கொள்ளலாம்.

ஒட்டி ஒரு நாள் கழித்து ஒரு சோதனை. பீடத்தை ஒரு கையால் பிடித்து, பொம்மையின் இடுப்பை மறுகை விரலால் மெல்லத் தள்ளுங்கள். காதில் 'டிக்' என்று மெல்லிய சத்தம் விழுந்தால் எங்கோ விட்டிருக்கிறது. தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூவை ஊசி நுனியால் அந்த விரிசலில் தொட்டால் தானே உறிஞ்சிக்கொள்ளும். சத்தம் இல்லையென்றால் மணல் தூவலாம். பீடத்தின் பக்கவிளிம்பில் மட்டும் மணலோ பசையோ ஒட்டவிடாமல் துடைத்துவிடுங்கள். ஆட்டத்தில் பொம்மையைத் தூக்கப் பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.